ஆழ்கடலில் உயிர் மீட்கும் கலங்கள்

நீரினுள் மூழ்கிச் செல்லும் கப்பலை ஆக்கிய மனிதன், அது மேலெழாது கடலடியிற் கிடப்பின் அதனுள் உள்ளோரை மீட்பது எவ்வாறு என நெடுங்காலம் சிந்தித்தானல்லன். பேரிழப்புக்களே அச்சிந்தனையை அவனுக்கு ஊட்டின.

1927ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி எஸ்-4 என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வேறொரு கப்பலுடன் மோதி அமிழ்ந்தது. ஆழம் 40 மீற்றரும் இல்லை. உயிருடன் எஞ்சிய அறுவர் உள்ளிருந்து சுவரைத் தட்டித் தம் நிலையை உணர்த்தினர். கடற்கொந்தளிப்பினால் அவர்களை மீட்க இயலவில்லை; நாற்பதின்மரும் மாண்டனர். இத்துயரின் பின்னர் மணியின் வடிவான மீட்புக் கூண்டொன்று ஆக்கப்பெற்றது. 1939ஆம் ஆண்டு மே மாதம் ஸ்குவாலஸ் என்னும் கப்பல் 73 மீற்றர் ஆழத்தில் அமிழ்ந்தபோது, அக்கூண்டு நான்கு முறை மனிதரை ஏற்றி வந்து 33 பேரைக் காப்பாற்றியது. நீர் புகுந்த பகுதியில் அகப்பட்ட 26 பேரோ முன்னரே இறந்துவிட்டனர்.

கூண்டு கயிற்றின் வழியே இறங்குவது. தானே இயங்கும் ஆற்றல் அதற்கில்லை. 1963இல் திரெஷர் என்னும் கப்பல் 129 பேருடன் அழிந்தபின், மீட்புக்கெனவே ஒரு சிறு நீர்மூழ்கியை ஆக்க அமெரிக்கர் முனைந்தனர். அதன் பயனாக 1970இல் மிஸ்டிக் கடலில் இறக்கப்பெற்றது. இத்தகைய கலம் பழுதுற்ற கப்பலின் வாயில்மீது பொருந்தி அமரும். இடையிலுள்ள நீரை வெளியேற்றியதும், கடலின் அழுத்தமே இரண்டினையும் இறுகப் பிணைக்கும். பின்னர் இரு கதவுகளையும் திறந்து மாலுமிகள் நனையாது ஏறலாம்.

எனினும், கருவி இருந்தால் மட்டும் போதாது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி ரஷ்யாவின் கூர்ஸ்க் 118 பேருடன் 108 மீற்றர் ஆழத்தில் வீழ்ந்தது. இருபத்து மூவர் பின்னறையில் ஒருங்குகூடி உயிர் தரித்திருந்தனர். அது சில மணி நேரமே எனப் பின்னர் கருதப்பட்டது. ரஷ்யாவின் மீட்புக் கலங்கள் வாயிலிற் பொருந்த முயன்று தோல்வியுற்றன. பிறநாட்டுதவி ஏற்கப்பட்டதோ நான்காம் நாளிலே.

அயல்நாடாகிய இந்தியாவின் வரலாறும் எண்ணத்தக்கது. 1967 டிசெம்பரில் கல்வரி என்னும் கப்பலுடன் அதன் நீர்மூழ்கிப் படை தோன்றியது. 650 மீற்றர் வரை இறங்கி ஒரு முறையில் 14 பேரை ஏற்றவல்ல மீட்புக் கலம் 2018 டிசெம்பரிலேயே மும்பையில் பணியில் இணைந்தது. 2021 ஏப்பிரலில் இந்தோனேசியாவின் நங்காலா மறைந்தபோது, மறுநாளே விசாகபட்டினத்திலிருந்து மீட்புக் கலம் புறப்பட்டது. ஆயினும் 53 பேரும் இறந்தனர். கப்பல் கிடந்த ஆழம் 838 மீற்றர்.

ஆழமும் காலமும் மனிதனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. ஆயத்தமாய் இருத்தலே அவன் கையில் உள்ளது. ஸ்குவாலஸ் மாலுமிகளைக் காத்த கூண்டு, அவர்தம் கப்பல் அமிழுமுன்னரே ஆக்கப்பெற்றிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.