தோடர் மலையில் தேடியதும் கண்டதும்

கி.பி. 1603-ஆம் ஆண்டு, கள்ளிக்கோட்டையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஜாக்கமோ பெனிச்சியோ மேற்குச் சரிவின் வழியே நீலமலை ஏறினார். பண்டைக் கிறித்தவர்களின் வழிவந்த ஒரு கூட்டத்தார் அம்மலைமேல் வாழ்ந்து வருவதாகக் கரையோரத்தில் பேச்சு உலவிற்று. தோமா கிறித்தவர்களின் ஆயராயிருந்த பிரான்சிஸ்கோ ரோஸ் முந்தைய ஆண்டே ஆள் அனுப்பி விசாரித்திருந்தார். தேடிச் சென்றவர்கள் அங்கே இல்லை. பெனிச்சியோ கண்டவர்கள் தோடர்கள். தொதவர் என்றும் இவர்களைக் கூறுவர்.

தோடரைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் அவரது மடலே முதலாவது. தோடர் குரு ஒருவரோடு அவர் உரையாடினார். எருமையே அவர்கள் வழிபாட்டின் நடுவில் நிற்பதையும் குறித்துக்கொண்டார். மக்கள்தொகையோ சிறிது, வழியோ கடினம். மறைப்பணி தொடங்குவது தகாது என்று முடிவு செய்து மலையிறங்கினார். அவரை நாம் குறைகூற வரவில்லை. மலபார் மக்களின் சமயத்தைப் பற்றி விரிவான நூல் எழுதியவர் அவர், கூரிய கண்ணுடையவர். ஆயினும், கிறித்தவரைத் தேடிச் சென்ற கண்ணுக்குத் தோடர் எவ்வளவு தெரிந்திருப்பர்?

அவர் காணாத பலவற்றை 1901, 1902-ஆம் ஆண்டுகளில் அங்குத் தங்கி ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ரிவர்ஸ், 1906-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். தோடரின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். அரைவட்டமாக வளைந்த கூரையும், தவழ்ந்தே நுழையத்தக்க சிறு வாயிலும் உடைய வீடுகள். சற்று விலகிப் பால்மனை. கறப்பதும் கடைவதும் அங்கே வெறுந்தொழில் அல்ல, வழிபாடு. பால்மனைப் பணிக்கு வருபவர் குறித்த மரங்களின் இலையாலும் பட்டையாலும் நீரெடுத்துத் தம்மைத் தூய்மை செய்துகொண்டே பொறுப்பேற்பார். உள்ளறைக் கலங்கள் வெளிக் கலங்களைத் தொடலாகாது. இரண்டுக்கும் இடையே ஒரு நடுக்கலம் உண்டு, அதன் வழியாகவே மோர் வெளியேறும். பெண்கள் குறித்த இடத்துக்கு வந்து மோர் பெறுவரேயன்றிப் பால்மனையை அணுகுவதில்லை. மாலையில் விளக்கேற்றி, எருமைகள், மலைகள், பால்மனைகள் ஆகியவற்றின் திருப்பெயர்களைத் தொண்டைக்குள்ளாகவே ஓதி, அவற்றின் பொருட்டு நலம் வேண்டுவர். நம் புனிதர் மன்றாட்டுமாலையை நினைப்பூட்டுகிறதல்லவா!

பால்மனைப் பணியாளருள் தலையாயவர் பாலோல். தம் பணிக்காலம் முழுதும் மனைவியைப் பிரிந்திருப்பார். சாவுச் சடங்குக்குச் சென்றால் பதவியை இழப்பார். அந்நிலை கடந்த நூற்றாண்டின் இடையில் மறைந்துபோயிற்று.

இத்தகைய ஒப்புமைகள் ஒருபுறம் இன்பம் தருகின்றன, மறுபுறம் ஏமாற்றவும் செய்கின்றன. தோடர் சொல்லும் படைப்புக்கதையில் ஓன் என்னும் தேவன் மண்ணிலிருந்து எருமைகளை வெளிக்கொணர்கிறான். கடைசி எருமையின் வாலைப் பற்றிக்கொண்டு முதல் தோடன் வெளிவருகிறான். அவனது விலா எலும்பிலிருந்து முதல் பெண் உண்டாகிறாள். விவிலியம் கற்ற எவரும் இவ்விடத்தில் துள்ளியெழுவர். 19-ஆம் நூற்றாண்டில் சிலர் இவர்களை இஸ்ரயேலின் காணாமற்போன குலத்தார் என்றே எழுதிவிட்டனர். உரோமர் என்றவரும் உண்டு. எமனோ 1930-களில் அம்மொழியைக் கற்று ஆராய்ந்தார். அது தமிழுக்கு உறவான திராவிட மொழி என்பதில் ஐயமில்லை. விலா எலும்புக் கதை எவ்வழியில் வந்திருப்பினும், எருமையின் வாலைப் பற்றி வந்தவன் ஆதாம் அல்லன். எருமையோடு பிறந்தவன், எருமையின்றி மனிதனாகாதவன். தோடரை அறிய விலாவைவிட வாலே நமக்குப் பயன்படும்.

உடன்பிறந்தோர் பலர்க்கு ஒரே மனைவி என்ற வழக்கமும் முற்காலத்தில் இருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் சிறு வில்லும் அம்பும் அளிக்கும் ஆடவனே குழந்தையின் தந்தையாக ஏற்கப்படுவான். இரத்த உறவைவிடப் பலர் அறிய ஏற்ற பொறுப்பே தந்தைமை என்பதை இச்சடங்கு நிலைநாட்டிற்று. பெண்சிசுக்கொலையும் இருந்தது, அதனை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறிய பின்பு வேறொரு தேடல் தொடங்கியது. உழுத நிலத்தைத் தேடியவர்களுக்கு மேய்ச்சற்புல்வெளி வெறும் தரிசாகத் தோன்றியது. தைலமரமும் சீகைமரமும் தேயிலையும் புல்லை விழுங்கின, மந்தைகள் சுருங்கின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் பணியாளர்களிடம் திருமுழுக்குப் பெற்ற தோடர் சிலர் பால்மனை மரபிலிருந்து விலகித் தனிச் சமூகமாயினர். பெற்றதையும் இழந்ததையும் அவர்களே எடைபோடட்டும்.

1950-ஐ ஒட்டி ஐந்நூறுக்கும் கீழே இறங்கிய தோடர் தொகை, 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,000. பூத்துக்குளி என்னும் போர்வையில் பெண்கள் கருப்பும் சிவப்புமாய் இழைக்கும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பைக்காரா, குந்தா நீர்மின் திட்டங்களின் நீர்த்தேக்கங்கள் பழைய மேய்ச்சல் நிலங்களில் ஒரு பகுதியை மூடிவிட்டன. பால்மனையில் விளக்கேற்றும் மாலைகளில், பழைய இடங்களின் திருப்பெயர்கள் இன்றும் வேண்டுதலில் ஒலிக்கின்றன.