புள்ளி இல்லாத ஏடு

ரெண்டாம் வகுப்பில் நான்தான் வேகமாக வாசிக்கிற பையன். பாடத்தை ஒரு இடத்திலும் தடுக்காமல் சத்தமாகப் படிப்பேன். ஒருநாள் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். வாய் கடைசி வரியில் இருந்தது, விரல் மூணாவது வரியில். "நடுவுலேர்ந்து படிடா" என்றார். மாட்டிக்கிட்டேன்.

இந்தக் கோளாறுக்கு ஒரு நீண்ட பின்கதை இருப்பது பிறகுதான் புரிந்தது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை; வைத்தால் ஓலை கிழியும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. காலும் ரகரமும் ஒரே வடிவம். எகர, ஒகரங்களில் குறிலா நெடிலா என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வேறுபாட்டை இன்றைய வடிவில் காட்டியவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். ஆக, ஏட்டில் 'கெரடு' என்று தெரிவது கொடுவாக இருக்கலாம், கோடாகவும் இருக்கலாம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நூல் முன்பே மனப்பாடமாக இருக்கணும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் முதலில் காதுக்குத்தான் வந்தன. மணலில் விரலால் எழுதிக்கொண்டே பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள். சின்னவர்களைச் சட்டாம்பிள்ளை கவனித்தான். எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்து அசந்துபோனார். அவருடைய ஆசிரியர்கள் அதற்கு மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது.

திண்ணைப் படிப்பை வெறும் கிளிப்பாடம் என்று வெள்ளைக்காரர்கள் பலர் திட்டினார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. புள்ளியில்லாத ஏட்டில் ஞாபகம்தான் கண்ணுக்கு வெளிச்சம். பாடம் கேட்காத நூல் கையில் வந்தால் எவ்வளவு திணறணும் என்பதற்கு உ.வே.சா.வே சாட்சி. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் படித்தவர் அவர்; சீவக சிந்தாமணி ஏடு முதலில் அவருக்கே பிடிகொடுக்கவில்லை. 1887இல்தான் அதை அச்சில் கொண்டுவந்தார்.

அச்சில் போகப்போகப் புள்ளியும் இடைவெளியும் வந்துவிட்டன. முன்பின் கேட்டிராத ஒரு வரியை, யார் துணையும் இல்லாமல் ஒரு குழந்தை வாசிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் பரவலாகச் சாத்தியமானது. நம்ம வகுப்பறைதான் ஒப்பிப்பதை விடவில்லை. தேவை போய்விட்டது, பழக்கம் போகலை. தடுக்காமல் சொல்லும் பிள்ளையை யாரும் சந்தேகப்படுவதில்லை. எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைதான் அடி வாங்குகிறது. உண்மையில் வாசித்துக்கொண்டிருப்பது அதுதான்.

டீச்சர் மறுநாள் கடலை மடித்த பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பாதி கிழிந்த செய்தி, எண்ணெய்க் கறை வேறு. நாலு வரி. அதை முடிக்க எனக்கு ஒரு பீரியட் ஆனது.