எச்சில் பந்தும் நூறாண்டுச் சந்தேகமும்

கிரிக்கெட்டில் பந்துக்கு எச்சில் தடவித் தேய்ப்பது அண்மைக்காலம் வரை சாதாரண வழக்கம். 2020-இல் கொரோனா வந்த பிறகுதான் தடை வந்தது. அமெரிக்க பேஸ்பாலிலோ 1920 பிப்ரவரியிலேயே எச்சிலுக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

பேஸ்பாலில் பந்துவீச்சாளரான பிட்சர் வேகமாக வீசும் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகும். அந்தச் சுழற்சிதான் பந்து சீக்கிரம் இறங்கிவிடாமல் தாங்குகிறது. விரலில் எச்சிலோ எண்ணெயோ இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு கிளம்பும். சுழற்சி குறைந்து, பேட்டரை நெருங்கும்போது சட்டென்று தாழும். 'ஸ்பிட்பால்' என்பது இதுதான். இதோடு புகையிலைச் சாறும் மண்ணும் சேர, அந்தக் காலப் பந்துகள் பழுப்பேறிக் கிடக்கும். ஒரே பந்தை முடிந்தவரை ஓட்டுவார்கள்.

தடை வந்த அதே 1920-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ் கையைத் தாழ்த்தி வீசிய பந்து, கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மனின் தலையில் மோதியது. ஹெல்மெட் இல்லாத காலம். சத்தத்தைக் கேட்டு, பந்து மட்டையில்தான் பட்டது என்று நினைத்த மேஸ், பேட்டரை ஆட்டமிழக்கச் செய்ய அதை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். மறுநாள் அதிகாலையில் சாப்மன் இறந்துபோனார். வயது 29.

மேஸ் எச்சில் பந்துக்காரர் அல்ல. ஆனால் அழுக்கேறிய பந்து சாப்மனின் கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று பலரும் நம்பினார்கள். அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் அதன் பிறகுதான் வேரூன்றியது. இதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

எச்சில் பந்தை நம்பிப் பிழைத்த 17 பிட்சர்களுக்கு மட்டும் ஓய்வுபெறும்வரை விலக்கு கிடைத்தது. அவர்களில் கடைசி ஆள் பர்லி கிரைம்ஸ் 1934-இல் விடைபெற்றார். அதன் பிறகு எல்லாமே ஒளித்துச் செய்யும் வேலையானது.

அதில் பெயர்போனவர் கேலார்ட் பெர்ரி. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் தொப்பி, கழுத்து, சட்டைக்கை என்று தொட்டுத் தடவிக்கொண்டே இருப்பார். விரலில் எதுவுமே இல்லாத நாளிலும் பேட்டர் இருப்பதாக நினைத்துத் தடுமாற வேண்டும் என்பது அவர் கணக்கு. 1974-இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, எச்சில் பந்து வீசியதை ஒப்புக்கொண்டு சுயசரிதை எழுதினார். ஆனாலும் 1962-இல் ஆட வந்தவர், இதற்காக முதன்முறை வெளியேற்றப்பட்டது 1982-இல்தான்! 314 வெற்றிகள் குவித்த அவருக்கு 1991-இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் கிடைத்தது. அவர் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த பிட்சர்கள் இதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார்கள்?

அவர்கள் வழுக்கலை விட்டுப் பிசுபிசுப்புக்கு மாறினார்கள். பைன் மரத்திலிருந்து எடுக்கும் பைன் தார் வந்தது. கனமான கல் உருண்டைகளைத் தூக்கும் பலசாலிகள் கையில் பூசும் 'ஸ்பைடர் டாக்' வந்தது. பிடி இறுக இறுகச் சுழற்சி கூடும். பேட்டர் எதிர்பார்த்த அளவுக்குப் பந்து இறங்காது. கண்டும் காணாமல் இருந்த பேஸ்பால் நிர்வாகம், 2021 ஜூன் 21 முதல் பிட்சர்களின் தொப்பி, கையுறை, பெல்ட் அனைத்தையும் நடுவர்களைக் கொண்டு சோதிக்கத் தொடங்கியது. பிடிக்கு உதவும் ரோசின் என்ற பிசின் பொடிக்கு மட்டும் அனுமதி.

2023 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் மெட்ஸ் அணியின் மேக்ஸ் ஷெர்சர் இப்படிச் சிக்கினார். வியர்வையும் ரோசினும்தான் என்று அடித்துச் சொன்னார். கை அளவுக்கு மீறி ஒட்டுகிறது என்றார்கள் நடுவர்கள். தொட்டுப் பார்த்த விரல்தான் சாட்சி. பூசியது என்னவென்று ஆய்வகத்தில் யாரும் பரிசோதிக்கவில்லை. ஒரு வீரரின் நேர்மையை இப்படி முடிவுசெய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஷெர்சருக்கு 10 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது.