இணையச் செய்திக்குச் சட்டப் பாதுகாப்பு: விகடன் தடை நமக்குக் கற்பிப்பது

இந்திய அரசியலமைப்பில் 'பத்திரிகைச் சுதந்திரம்' என்ற தொடர் எங்கும் இல்லை. குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் வழங்கும் 19(1)(அ) பிரிவுக்குள்ளேயே அது அடங்கியுள்ளது. 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரத் தடை விதித்த ஆணையை, 1950ஆம் ஆண்டு ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. கருத்தை மக்களிடம் கொண்டுசேர்ப்பதும் இவ்வுரிமையின் பகுதியே என்று அது கூறியது. இணையவழிக் கருத்துரிமைக்கும் அதே பாதுகாப்பு உண்டென 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்குத் தீர்ப்பு உறுதிசெய்தது. ஆகவே சென்னையில் நாளேடு நடத்தும் ஆசிரியருக்கும், காடாம்புலியூரில் கைப்பேசி வழியே செய்தி பதிவேற்றும் கல்லூரி மாணவிக்கும் உள்ள உரிமை ஒன்றே. செய்தியாளர் அடையாள அட்டை இல்லாமை அதைக் குறைத்துவிடாது.

கடலூர் மாவட்டத்தில் இதன் தேவையை நாம் நன்கறிவோம். சாதி மறுத்து மணம் புரிந்த கண்ணகியும் முருகேசனும் 2003 ஜூலையில் புதுக்கூரைப்பேட்டையில் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டனர். காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பின்னர் பதிந்தபோது தலித்துகளையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கைத் திரித்த காவல் அதிகாரிகள் இருவர் குற்றவாளிகளே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில்தான் உறுதிசெய்தது. காவல் நிலையம் மூடி மறைக்கும் இடத்தில் செய்தியே முதல் சாட்சியாகிறது. அச்செய்தியை ஓர் ஆணையால் அழிக்க முடியுமெனில், பாதிக்கப்பட்டோர் அந்தச் சாட்சியை இழக்கின்றனர்.

அதற்கான அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவில் உள்ளது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் பொருட்டும், இவை சார்ந்த குற்றங்களைத் தூண்டுவதைத் தடுக்கவும் மட்டுமே மத்திய அரசு இணையப் பக்கங்களை முடக்கலாம். ஒரு தலைவரையோ சாதியையோ விமர்சிப்பது இப்பட்டியலில் இல்லை. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66அ பிரிவை நீக்கிய உச்ச நீதிமன்றம், 69அ பிரிவை நிலைநிறுத்தியது. காரணங்கள் எழுத்தில் பதியப்பட வேண்டும், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்னும் நடைமுறைக் காப்புகளே அதற்கு அடிப்படை. 2009ஆம் ஆண்டின் தடை விதிகளும் முன்னறிவிப்பு தந்து விளக்கம் கேட்கச் சொல்கின்றன. ஆனால் அவசரம் எனக் கூறி முன்னறிவிப்பின்றியே தடுக்க 9ஆம் விதியும், அனைத்தையும் ரகசியமாக வைக்க 16ஆம் விதியும் இடமளிக்கின்றன.

இந்த இடைவெளி 2025 பிப்ரவரி 15 அன்று வெளிப்பட்டது. பிரதமர் மோடி கைவிலங்குடன் டிரம்ப் அருகில் அமர்ந்திருப்பதாக 'விகடன் ப்ளஸ்' இதழில் வெளியான கேலிச்சித்திரத்தைத் தொடர்ந்து, விகடன் இணையதளம் முழுவதும் முடங்கியது. அப்போது தங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை என்று விகடன் கூறியது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. எனினும் வழக்கு நிலுவையில் உள்ளவரை அச்சித்திரத்தை நீக்கிவைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே அது கிடைத்தது. ஒரு படத்துக்காக ஒரு நிறுவனத்தின் எல்லாச் செய்திகளும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் மறைந்திருந்தன.

இதே விகடனின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன், 1987இல் ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காகச் சட்டமன்றத்தால் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆசிரியர் சிறை சென்றதை நாடே கண்டது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். இணையத் தடையில் கைதும் இல்லை, காட்சியும் இல்லை. விகடனுக்கு வழக்கறிஞர்களும் இலட்சக்கணக்கான வாசகர்களும் உண்டு. நான்கு பேர் நடத்தும் சேரிச் செய்தித் தளம் முடங்கினால், அது தொழில்நுட்பக் கோளாறு என்றே பலரும் எண்ணிக்கொள்வர்.

எனவே நடைமுறையை நாமே அறிந்திருக்க வேண்டும். தளம் முடங்கினால் தேதி, நேரம், திரைப்பதிவு ஆகியவற்றைச் சேமித்து, ஆணையின் நகலை எழுத்துமூலம் கோர வேண்டும். தர மறுத்தால் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சாதியினரிடையே பகைமை மூட்டியதாகப் புகார் வந்தால், 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை நினைவூட்ட வேண்டும்: மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய கருத்துக் குற்றச்சாட்டுகளில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி முதனிலை விசாரணை நடத்துவதே பொருத்தமானது. காணொளியின் மூலக்கோப்பை அழியாமல் காக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோரின் அடையாளத்தை ஒருபோதும் வெளியிடலாகாது. அது தண்டனைக்குரிய குற்றம்.

தடை ஆணைகளை வெளிப்படையாக்குமாறு கோருவது ஊடக முதலாளிகளின் வேலை என்று தலித் இயக்கங்கள் ஒதுங்கி நிற்க முடியாது. 16ஆம் விதியின் ரகசியம் நீடிக்கும்வரை, எந்த வன்கொடுமைச் செய்தி யாரால், ஏன் அகற்றப்பட்டது என்பதை நம்மால் அறியவே இயலாது.