நெகட்டிவ் இல்லாத படம்

சிங்கப்பூரின் முதல் புகைப்படங்களுக்கு நெகட்டிவ் கிடையாது. 1840களில் இங்கே வந்த டாகரோடைப், வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் பிம்பத்தை நேரடியாகப் பதிக்கும் முறை. கேமராவுக்குள் போன தகடேதான் படம். இன்னொரு பிரதி வேணும்னா இன்னொரு தகடு எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அந்தத் தகடுகளில் ஒன்றைப் பார்த்து வியந்து எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. நமக்கு அவர் அந்நியர் இல்லை. ஏமனிலிருந்து நாகூர் வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவரின் வழியில், மலாக்காவில் பிறந்தவர். சிறுவயதில் தமிழ் படித்தவர். 1849இல் அச்சான அவருடைய ‘ஹிக்காயாத் அப்துல்லா’வில், பாதிரியார் கீஸ்பெரி காட்டிய ஒரு தகட்டைப் பற்றிச் சொல்கிறார். அமெரிக்கப் போர்க்கப்பல் மருத்துவர் ஒருவர் எடுத்தது. சிங்கப்பூர் நகரம் முழுக்க அதில் அச்சு அசலாக இருந்ததாம். 1843இல் லண்டன் ஹோட்டல் நடத்திய துத்ரோன்குவா, டாகரோடைப் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். 1844இல் பிரெஞ்சு சுங்க அதிகாரி ஜூல் இத்தியே எடுத்த காட்சிதான் எஞ்சியிருக்கும் மிகப் பழைய சிங்கப்பூர்ப் படங்களில் ஒன்று. மருத்துவரின் தகடு நம்மிடம் இல்லை. அப்துல்லாவின் பத்திதான் இருக்கிறது.

பிறகு நெகட்டிவ் வந்தது. ஒன்றிலிருந்து நூறு பிரதி போடலாம் என்று ஆனபின் டாகரோடைப்பை யார் சீந்துவார்கள்? ஆனால் ‘கேமராவில் இருந்ததே படம்’ என்ற எண்ணம் சாகவில்லை. 1923இல் கோடாக் கொண்டுவந்த 16 மில்லிமீட்டர் வீட்டு சினிமாச் சுருள் அப்படித்தான் வேலை செய்தது. அதே வழியில், 1990களில் ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் ‘ஸ்காலா 200’ என்ற கறுப்பு வெள்ளை ஸ்லைடு ஃபிலிமை விற்றது. அதைக் கழுவ உரிமம் பெற்ற லேப்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். 2005இல் அக்ஃபாஃபோட்டோ திவாலானது. ஃபிலிமும் போச்சு, நாளடைவில் அந்த லேப்களில் பலவும் போச்சு.

கதை இங்கேயே முடிந்திருக்கணும். முடியவில்லை. ஏன்னா செய்முறை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பழைய புகைப்படக் கையேடுகளில் எழுதப்பட்டு யார் கையிலும் கிடைப்பது அது.

செய்முறை இதுதான். முதல் டெவலப்பரில் ஒளி பட்ட வெள்ளி உப்பு கறுக்கும். அதாவது ஒரு நெகட்டிவ் உருவாகும். வழக்கமாக இங்கே ஃபிக்ஸர் ஊற்றி முடித்துவிடுவோம். இதில் அப்படி இல்லை. கந்தக அமிலம் சேர்த்த பெர்மாங்கனேட்டில் முக்கி, அந்தக் கறுப்பு வெள்ளியைக் கரைத்துவிட வேண்டும். உருவான நெகட்டிவை நாமே அழிக்கிறோம். மிச்சம் இருப்பது ஒளி படாத உப்பு மட்டும். கறையைச் சல்ஃபைட் கரைசலில் போக்கி, விளக்கைப் போட்டு அந்த மிச்சத்துக்கு ஒளி காட்டி, இரண்டாவது டெவலப்பரில் போட்டால் அது கறுக்கும். நிழல் நிழலாகவும் வெளிச்சம் கண்ணாடி போலத் தெளிவாகவும் வந்துவிடும்.

இதை வீவக வீட்டுக் குளியலறையில் செய்யலாம், நான் செய்கிறேன். சிக்கல் தண்ணீரில். கையேடுகள் 20 டிகிரி என்கின்றன, நம்ம குழாய்த் தண்ணீரோ 28ஐ ஒட்டியே இருக்கும். பெர்மாங்கனேட் ஏற்கெனவே ஜெலட்டினை இளக்கும். சூடான தண்ணீரும் சேர்ந்தால் படலம் உரிந்துவிடும். அதனால் பக்கத்தில் ஒரு வாளி ஐஸ், கையில் தெர்மாமீட்டர், உறை, கண்ணாடி.

எடுக்கும்போதும் இந்த ஊர் வெயில் சோதிக்கும். மதியம் சிராங்கூன் சாலையில் தார் ரோடு பளபளக்கும். இரண்டடி தள்ளி அஞ்சடியில் பூக்கட்டுபவரின் முகம் இருட்டில் இருக்கும். நெகட்டிவ் ஃபிலிம் இரண்டையும் ஓரளவு காப்பாற்றும். ஸ்லைடு காப்பாற்றாது. எது வேணும்னு அழுத்துறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். நான் முகத்துக்கு அளவு வைப்பேன்; ரோடு வெறும் வெள்ளையாகப் போகட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஸ்கேன் செய்து வைத்தால் ஆயிரம் பிரதி ஆகிவிடாதா? ஆகும், செய்யவும் வேண்டும். ஆனால் அந்த மதியத்தில் அந்த இடத்திலேயே இருந்த பொருள் ஒன்றுதான். தேக்காவைப் பாருங்கள். பழைய சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் போனது. பக்கத்தில் தேக்கா மால் வந்தது, ‘வெர்ஜ்’ என்று பெயர் மாறியது, இடிபட்டது, இப்போது தேக்கா பிளேஸ். இன்றைக்கு எடுக்கும் ஸ்லைடில் இருக்கும் கட்டடம் நாளை இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

தகடு தொலைந்தும் அப்துல்லா எழுதியது நிற்கிறது. நிறுவனம் மூடியும் எழுதப்பட்ட செய்முறை நிற்கிறது. அதனால் இதில் இறங்குபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்லைடைச் சொருகும் அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருக்கும். எந்தத் தெரு, எந்தத் தேதி, படத்தில் யார், எதில் கழுவியது. பென்சிலால் எழுதி வையுங்கள்.