பிட் ஸ்ட்ரீட்டின் அழகிகள்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை பிட் ஸ்ட்ரீட் என்றேதான் சொன்னார்கள். 1801இல் காதர் முகைதீன் மரைக்கான் முன்னின்று எழுப்பிய பள்ளிவாசல், நகைக்கடைகள், நாணயமாற்றுக் கடைகள் என்று அந்தத் தெருவின் வரலாற்றைப் பலர் எழுதியாயிற்று. அதே தெருவின் பின்சந்துகளில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுத எனக்கு வெகுநாளாக ஆசை.

இங்கே அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. தேன் குடிக்க எந்தப் பூவிலும் உட்காரும் இவை, முட்டையிட மட்டும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடியைத்தான் தேடும். கறிவேப்பிலை அந்தக் குடும்பம்தான். தாளிப்புக்கு வேண்டுமே என்று தமிழ்க் குடும்பங்கள் பின்கட்டில் வளர்த்த செடியே இந்தப் பூச்சிகளை நெருக்கமான கடைவீட்டு வரிசைகளுக்குள் வாழவைத்தது.

இரண்டுக்கும் 1758இலேயே லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்துவிட்டார். 1865இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய் வட்டாரத்து அழகிகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் சில, பறவைகள் தின்னத் தயங்கும் வேறொரு இனத்தைப் போல உருக்கொள்வதை அதில் விளக்கினார். 1934இல் கார்பெட்டும் பெண்டில்பரியும் மலாய்த் தீபகற்பத்து வண்ணத்துப்பூச்சிகள் அனைத்துக்குமாக ஒரு நூல் தந்தார்கள். பூச்சிகளைப் படமெடுக்கும் நாங்கள் இன்றும் பெயர் கண்டுபிடிக்கப் புரட்டுவது அதன் பிற்காலப் பதிப்பைத்தான். அந்தக் காலத்து ஆய்வெல்லாம் ஊசியில் குத்திய பூச்சியை வைத்து நடந்தது. முன்சிறகின் கீழ்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக வரும்படி இழுத்துப் பொருத்துவார்கள். உயிரோடு எந்தப் பூச்சியும் அப்படி உட்காராது.

உயிரோடு படம்பிடிக்கத் தடையாக இருந்தது வெளிச்சம். 1935இல் வந்த கோடாகுரோம் வண்ண ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் எண், ஏறக்குறைய பத்து. இன்றைய கேமராவில் எண்ணூறு வைத்துக்கூடத் தயங்காமல் எடுக்கிறோம். 1955இல் கில்ஃபிட் நிறுவனத்தின் மேக்ரோ லென்ஸ் வந்தபின் நெருங்கிப் போவது எளிதாயிற்று. ஆனால் பொருளின் உண்மை அளவிலேயே படம் விழும்படி நெருங்கினால் ஃபிலிமுக்கு வழக்கத்தில் நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். ஆகவே எல்லோரும் ஃபிளாஷைப் பிடித்துக்கொண்டார்கள். பூச்சி பளிச்சென்று விழுந்தது. பின்னால் இருந்தவை இருட்டாகிவிட்டன. செடி எது, சுவர் எது, எந்த ஊர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அழகான அந்தப் படங்களில் பலவற்றை வரலாற்றுக்குப் பயனில்லாதவை என்றே நான் சொல்வேன்.

இயற்கை வெளிச்சத்தை நான் விடாமல் பிடித்திருப்பது இதனால்தான். 1982 புத்தாண்டில் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்தள்ளியதிலிருந்து பினாங்கில் சூரியன் எழ ஏழு, ஏழரை ஆகிவிடுகிறது. இரண்டு மாடிக் கூரையைத் தாண்டி வெயில் சந்துக்குள் இறங்க இன்னும் நேரமாகும். அதற்குமுன் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்று உண்டு. அதில் நிழல் கறுக்காது, நிறமும் வெளிறாது. இரவில் குளிர்ந்த பூச்சி அப்போது உடனே பறக்காது. கறிவேப்பிலைக் கொழுந்தின் மேல் கடுகளவுகூட இல்லாத மஞ்சள் முட்டை. பக்கத்து இலையில் பறவை எச்சம்போல் கிடக்கும் இளம்புழு. வளர்ந்து பச்சையான புழுவை விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவடுபட்ட சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் கிளப்பும். இத்தனை நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவே. கேமராவைச் சிறகுக்கு இணையாகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டுதான் பட்டனை அழுத்த வேண்டும்.

1986இல் தெலுக் பஹாங்கில் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை திறந்தபின் கேமராக்காரர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். அது நல்ல இடம். 2016 முதல் எண்டோபியா என்ற பெயரில் நடக்கிறது. ஆனால் நகரத்துச் சந்துப் பூச்சியின் கதையை அங்கே எடுக்க முடியாது.

அந்தக் கதையில் 2000 முக்கியமான ஆண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாகக் குடியிருந்த பல குடும்பங்கள் வாடகை கட்டுப்படியாகாமல் நகரத்தைவிட்டு வெளியேறின. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வீடுகள் விடுதிகளும் காப்பிக் கடைகளும் ஆயின. முகப்பை அதே வண்ணத்தில் பூசிக் காத்தார்கள், நல்லது. பின்கட்டுத் தொட்டிகளை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. சமைக்க ஆளில்லாத வீட்டில் கறிவேப்பிலைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? தொட்டி போன சந்துகளில் அழகிகளை நான் இப்போது அரிதாகவே பார்க்கிறேன்.

இந்த வட்டாரத்தில் இன்னும் குடியிருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கறிவேப்பிலையில் புழுவைக் கண்டால் மருந்தடிக்காதீர்கள். அது தின்றது போக ரசத்துக்கு இலை இருக்கும். கைப்பேசியிலாவது படம் எடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, செடியும் சுவரும் தெரியும்படி எடுத்து, தெருவின் பெயரையும் தேதியையும் எழுதிவையுங்கள்.