பழகிப் போகும் என்ற பயம்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. டாக்டர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "அபின் சரக்கு, பழகிப் போயிரும்னு சித்தப்பா கொடுக்கவே விட மாட்டேங்காரு சார்" என்றான்.

சித்தப்பா சொல்வது முழுப் பொய் இல்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும். மூளையிலும் தண்டுவடத்திலும் மார்பின் போய் ஒட்டும் இடங்கள் நாளாக நாளாக மந்தமாகும். முன்பு கேட்ட அளவு பிறகு கேட்காது. ஆனால் அளவு கூட்ட வேண்டியிருப்பது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. புற்றுநோயில் அளவு கூடுவது பெரும்பாலும் நோய் கூடுவதால். குமட்டலும் தூக்கக் கலக்கமும்கூடப் பழகிப் போகும், அது நல்லதுதானே! மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதற்கு முதல் நாளிலிருந்தே தனி மருந்து வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது சித்தப்பா மட்டுமில்லை, நாடே குழப்பியது. அபின் நம் நாட்டிலேயே விளைகிறது. காஜிப்பூர் அபின் ஆலை 1820-இல் கம்பெனியார் தொடங்கியது. அப்படியிருந்தும் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்ததும் நிலைமை மாறியது. தப்பு நடந்தால் குறைந்தது பத்தாண்டு சிறை, ஒன்றுக்கு நாலு உரிமம். மருந்துக்கடைகள் மார்பினைக் கைவிட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மருத்துவத்தில் அதன் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைக் கொடுத்துப் பழகாமலே படித்து வந்தார்கள்.

என் பெரியக்காவுக்கு 1991-இல் கர்ப்பப்பையில் புற்று. "இப்பவே பெரிய மருந்து கொடுத்தா பழகிரும், கடைசிக்கு வச்சுக்குவோம்" என்றார்கள். கடைசி வந்தபோது மருந்து எங்கும் கிடைக்கவில்லை. பருத்திக்காட்டில் நாளெல்லாம் குனிந்து நின்று ஒரு வார்த்தை முனகாதவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு ஆண்டு கழித்து, 1993-இல், கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். மார்பினை நோயாளி வீட்டிலேயே வைத்துச் சாப்பிடலாம் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். சட்டம் திருத்தப்பட்டு ஒரே உரிமம் போதும் என்றாக 2014 ஆனது.

சித்தப்பாவிடம் நானே பேசினேன். வலி வரும்வரை காத்திருக்காமல் டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.